நரம்புக்குப் புள்ளி வைத்தவர்

பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தார் அவர். தடித்த கண்ணாடி. கோவில்பத்து டீக்கடையில் உட்கார்ந்து, கிடைத்த பேப்பரிலெல்லாம் கிளைகிளையாகப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்.

“முருங்கை மரமா சார்?” என்றேன்.

“மூளை நரம்பு தம்பி. மூளைய மெல்லிசா சீவி, மைக்ராஸ்கோப்புல பாத்து, ஒவ்வொரு சீவல்லயும் நரம்பு இருக்குற எடத்துல புள்ளி வச்சுக் குடுப்போம். கம்ப்யூட்டர் அதச் சேத்து முழு நரம்பையும் காட்டும்.”

அவருடைய அப்பாவுக்குப் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை என்பது ஊருக்கே தெரியும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒங்கப்பாவுக்கும் நாலு புள்ளி வச்சு, அறுந்ததச் சேத்துவிடுங்களேன் சார்.”

பேனா நின்றது.

“செத்தவங்க மூளையத்தான் தம்பி சீவ முடியும்.”

பத்து நாளில் அவருடைய அப்பா போய்விட்டார். கொள்ளிச் சட்டியோடு டீக்கடையைக் கடக்கும்போது, அவர் நின்று என்னைப் பார்த்தார். அது என்ன பார்வையென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.