இடது முன்சக்கரத்தின் பிடிவாதம்

காரோடு வந்த கையேட்டின் பிரேக் அத்தியாயத்தில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள்: சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் காலிப்பரைத் தாங்கும் சிறு கம்பிகளான பின்களுக்கு, தயாரிப்பாளர் பரிந்துரைத்த கிரீஸைத் தவிர வேறு எந்த எண்ணெயையும் கொழுப்பையும் பூசலாகாது. இந்த வாக்கியத்தின் கீழ் நான் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதிக்குக் கீழே கோடு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பல வருடம் நம்பி, அந்த நம்பிக்கைக்குச் சம்பளமும் வாங்கியவன்.

கோடு போட்டது சர்வீஸ் சென்டர்காரர்களை மடக்குவதற்காக. யார் மடங்கினார்கள் என்பது பிறகு.

ஐப்பசியில் என் மனைவிக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வாரத்தில் மூன்று நாள் தக்கலைப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நாகர்கோவில் போய், காலை மடக்கும் பயிற்சி செய்யவேண்டும். பயிற்சி கொடுக்கும் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள்: ஆறு வாரத்துக்குள் தொண்ணூறு பாகை மடங்கவேண்டும், இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து மடக்க நேரிடும். நீட்டிய காலோடு ஆட்டோவில் ஏறினால் பாதிக் கால் பக்கத்து வண்டியில் பயணம் செய்யும். பஸ்ஸின் படியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வாடகைக் கார் பிடிக்கலாமே என்பவர்களுக்கு: சொந்தக் கார் முற்றத்தில் நிற்கும்போது வாடகைக் கார் வாசலுக்கு வந்தால், அதற்கு விளக்கம் கொடுக்கவே எனக்கு ஒரு வாரம் போய்விடும். ஆகவே பதினான்கு வயதான எங்கள் காரின் முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, அதில் அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

காருக்கு அந்த வருடம் சித்திரையில்தான் சர்வீஸ் முடிந்திருந்தது. முடிந்த மறுவாரம் முன்சக்கரங்களில் கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. அதை நானே கழற்றிச் சரிசெய்தேன். கையேட்டில் படம் இருக்கிறது. எதைக்கொண்டு சரிசெய்தேன் என்பது இந்த இடத்தில் தேவையில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில், வில்லுக்குறி தாண்டும்போது தீய்ந்த நாற்றம் அடித்தது. ரோட்டோரத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

“குப்பை நம்ம கூடவே வருதே” என்றாள்.

நிறுத்திப் பார்த்தேன். இடது முன்சக்கரத்திலிருந்து புகை. சூடாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன், இருந்தது. விரல் கொப்பளித்துவிட்டது. பிரேக்கை விட்ட பிறகும் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் விடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் அதிகம் குடிப்பதும், வண்டி இடது பக்கமாக இழுப்பதும் ஒரு மாதமாகவே நடந்துகொண்டிருந்தது. அவற்றைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். நடவடிக்கைதான் எடுக்கவில்லை.

சக்கரம் ஆறும்வரை ஒரு மணி நேரம் நின்று, வீடு திரும்பினோம். அந்தச் சக்கரம் ஒழுங்காகச் சுற்றும்வரை வண்டியில் ஏறமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

நான் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. இந்த நிலையில் சாதாரண மனிதர்கள் மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள். நான் கார் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம், பதினொரு பத்தி, இரண்டு இணைப்பு. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். சர்வீஸில் தவறான கிரீஸைப் பூசியிருக்கிறார்கள் என்பது என் வாதம். சிவப்புக் கோடு போட்ட பக்கம் முதல் இணைப்பு. ஐந்து நாளில் பதில் வராததால் முதல் நினைவூட்டு. எட்டாம் நாள் இரண்டாம் நினைவூட்டு, முதல் நினைவூட்டைப் பார்வையில் குறிப்பிட்டு.

“நீங்க நினைவூட்டு எழுதுங்க. அதுக்குள்ள எனக்க முட்டு காஞ்சு வெறகா போவும்” என்றாள் மனைவி.

பத்து நாளில் நான்கு பயிற்சி தவறியது. வீட்டிலேயே செய்யலாம் என்று நான் முழங்காலை மடக்கிப் பிடித்து, பள்ளிக்கூடக் கோணமானியால் அளந்து, தேதிவாரியாக எழுதிவந்தேன். எழுபதில் இருந்தது அறுபத்தெட்டானது. பத்தாம் நாள் அறுபத்தைந்து. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தாள். அறுபத்தைந்து என்று எழுதும்போது எனக்குக் கை நின்றது. இந்த மாதிரி ஒரு பதிவேட்டை எனக்குக் கீழே வேலை பார்த்தவன் யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், அவனிடம் நான் விளக்கம் கேட்டிருப்பேன்.

மறுநாள் காலையில், நடந்துபோகிறவர்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில், தக்கலையில் ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். வளைகுடா நாட்டில் பன்னிரண்டு வருடம் வண்டி பழுதுபார்த்துவிட்டுத் திரும்பியவர். என் கடிதங்களின் நகல்களை அவரிடம் நீட்டினேன். வாங்கி, கையில் இருந்த கறுப்பைத் துடைக்கப் போனவர், எழுத்தைப் பார்த்ததும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காலிப்பரில் காற்றெடுக்கும் திருகைக் கொஞ்சம் திறந்தார். பிரேக் எண்ணெய் நாலு சொட்டு வந்தது. சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் டிஸ்க் என்ற தட்டைக் கையால் திருப்பினார். அப்போதும் இறுக்கம்தான். இப்போது விட்டுக்கொடுத்திருந்தால் கோளாறு எண்ணெய் வரும் டியூபிலோ அதற்கு மேலேயோ இருக்கும். விடாததால் காலிப்பரிலேயே இருக்கிறது என்று விளக்கினார். காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனை அழுத்தினார். அது சமர்த்தாக உள்ளே போனது. ஆகவே பிஸ்டன் நிரபராதி. டிஸ்கை இரண்டு பக்கமும் கவ்வும் பேடுகளை எடுத்துக் காட்டினார். உள்பக்கத்துப் பேடு கடுதாசி மாதிரி தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தது ஏறக்குறையப் புதுசு. காலிப்பர் அந்தப் பின்களின் மேல் வழுக்கி நகர்ந்தால்தான் இரண்டும் சமமாகத் தேயும். நகரவில்லை. பின்னை இழுத்தார், வரவில்லை. முறுக்கினார், சுத்தியலால் தட்டினார். கடைசியில் வந்தபோது அதன் ரப்பர் உறை, தண்ணீரில் ஊறிய அப்பளம்போல உப்பியிருந்தது. பின்னின் மேல் மஞ்சளாக ஒரு பிசின்.

“யாரு போட்டாவ இத?”

“சர்வீஸ் சென்டர்காரங்க” என்றேன். ஆதாரமாகக் கடித நகலை மறுபடியும் எடுக்கப் போனேன்.

அவர் பிசினை விரலில் தேய்த்து, முகர்ந்தார். என்னைப் பார்க்காமல் விரலைத் துணியில் துடைத்தார்.

“சாரே, இது செக்கில ஆட்டுன தேங்காயெண்ணெயாக்கும். சர்வீஸ் சென்டர்ல செக்கு கெடையாது.”

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் மாவட்டத்தில் தேங்காயெண்ணெய் என்பது எண்ணெய் வகையில் வராது. கீல் கத்தினால் அது, பூட்டு திறக்காவிட்டால் அது, தையல் மெஷினுக்கு அது, குடைக்கம்பிக்கு அது. தீப்புண்ணுக்கும் தலைக்கும் பிறந்த குழந்தைக்கும் அதுவேதான். சொந்தத் தென்னையில் விளைந்தது, கண் முன்னால் ஆட்டியது. ‘வேறு எந்த எண்ணெயையும்’ என்று அச்சிட்டிருந்ததை நான் படித்தபோது, டப்பாவில் விற்கும் அந்நிய எண்ணெய்கள்தான் கண்ணில் வந்தன. இதைத் தடைசெய்ய ஒரு கையேட்டுக்கு உரிமை உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை.

“ரப்பருக்கு இது ஆவாது. ஊதிப் போவும். வெடியக்காலத்த பனிக்கு ஒறஞ்சும் போவும்” என்றார். “கல்ப்ல ஒருத்தன் இதே வேலையச் செஞ்சான். அவனும் நம்ம ஊருக்காரனாக்கும்.” அப்புறம் வலது சக்கரத்தைக் காட்டி, “அங்கயும் போட்டியளா?” என்றார்.

தலையாட்டினேன். அந்தக் காலையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான், அதுவும் வாய் திறக்காமல்.

இரண்டு பக்கமும் பின்களை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தார். புது ரப்பர், புதுப் பேடு, கையேட்டில் சொல்லிய அதே கிரீஸ். டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருந்தாலும் கனம் போதும் என்று அளந்து பார்த்து விட்டுவைத்தார். சக்கரத்தை மாட்டி ஒரு விரலால் தள்ளினார். சுற்றிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாக்கரைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். குனிய முடியாததால் என்னைத் தொடச் சொன்னாள். சூடில்லை என்று தொட்டுக் காட்டினேன், போன தடவை கொப்பளித்த அதே விரலால். காலிப்பரின் பின் இறுகியிருந்தது என்று மட்டும் அறிக்கை கொடுத்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். வில்லுக்குறி தாண்டி, எந்த நாற்றமும் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“சித்திரையில ஒரு கிண்ணம் எண்ணெயக் காணோம்னு நான் பூனையயில்லா ஏசினேன்.”

நான் ரோட்டைக் கவனித்து ஓட்டினேன்.

ஆறாவது வாரம் முடிந்த அன்று கோணம் எண்பத்தெட்டு. பயிற்சிப் பெண் அதைத் தொண்ணூறு என்று எழுதினாள். விதிப்படி அது தவறு. நான் ஆட்சேபிக்கவில்லை. புகாரைத் திரும்பப் பெறும் நடைமுறையும் எனக்குத் தெரியும். ஆனால் அதில் காரணத்தைக் குறிப்பிடவேண்டும் என்பதால் பின்பற்றவில்லை.

கம்பெனியின் பதில் ஒரு நாள் பதினொரு மணிக்கு வந்தது. தபால்காரர் மணியடித்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். மனைவி வாசல்படி இரண்டையும் தானே இறங்கி, வாக்கரில்லாமல் கேட் வரை நடந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தாள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். படித்தேன். மூன்றே வரி. காலிப்பர் பின்களுக்குப் பரிந்துரைத்த கிரீஸைத் தவிர வேறு எந்த எண்ணெயையும் பூசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல மனுசங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள், நடந்து. நான் தபால் பதிவேட்டை எடுத்து, பெறப்பட்ட நாள் என்ற கட்டத்தில் எழுதினேன்: மாசி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.