வாழைத்தார்க் கப்பலும் பதினாறு பதினேழும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் பல வருடங்களாக வரைபடம் போடுகிறேன். உதிரிப் பாகங்களில் துளை போடும்போது அவை அசையாமல் இருக்க, அவற்றைக் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டம் ஒன்று வேண்டும். ஃபிக்ஸ்சர் என்பார்கள். அதைக் கணினியில் வடிவமைப்பது என் வேலை. நான் மாடியில் வரைந்து அனுப்புவதைக் கீழே பட்டறையில் பூட்டி முடிப்பது என் நண்பனின் வேலை. அவன் ஃபிட்டர். நான் கரூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து கள்ளிக்குப்பத்தில் ஒரு அடுக்ககத்தில் குடியேறியவன். அவன் கோவில்பதாகையில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன். ஒரே வயது. மதியச் சாப்பாடு எப்போதும் ஒன்றாகத்தான்.

விடிகாலையில், வீட்டில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால், நான் விண்வெளிக் கப்பல்கள் வரைவேன். சினிமாவில் வரும் கப்பல்கள் எல்லாம் ஒன்று மீன் மாதிரி இருக்கும், அல்லது அம்பு மாதிரி இருக்கும். காற்றே இல்லாத இடத்தில் எதைக் கிழித்துக்கொண்டு போக மூக்கு கூர்மையாக இருக்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு எரிச்சல். அதனால் முன்பக்கம் பின்பக்கம் இல்லாத கப்பல்களை வரைந்தேன். வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்த மாதிரி ஒன்று. கொசுவிய புடவை மாதிரி, மடிப்புக்கு மடிப்பு ஆட்கள் குடியிருக்கும் ஒன்று. அவற்றுக்குக் கதை எழுதி, இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு அத்தியாயம் போட்டேன். முதலில் என் மனைவியும் அவளுடைய தம்பியும்தான் படித்தார்கள். பிறகு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள்.

என்னைப் பலருக்கும் தெரியவைத்தது வாழைத்தார்க் கப்பல். நடுவில் ஒரு நீளமான தண்டு. அதைச் சுற்றிச் சீப்பு சீப்பாக வீடுகள். முழுத் தாரும் சுழன்றுகொண்டே போகும். அந்தச் சுழற்சியால்தான் உள்ளே இருப்பவர்களுக்குக் கால் தரையில் பதியும். குடியேற ஏற்ற உலகம் ஒன்று வந்ததும் ஒரு சீப்பு தாரிலிருந்து பிரிந்து அங்கே இறங்கிவிடும். மீதி மேலே போகும். பிரிந்து போகிறவர்களை இனிமேல் பார்க்கவே முடியாது. அந்தப் பிரிவு வாசகர்களை உலுக்கிவிட்டது. இதுபோல யாரும் யோசித்ததில்லை என்று எழுதினார்கள். அந்த வரிகளை அலுவலகத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

அப்போதுதான் அத்தியாயத்துக்குக் கீழே, எல்லோரும் கருத்து எழுதும் இடத்தில், அந்தக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. கடிதம் என்று சொல்வதே சரி, அவ்வளவு நீளமாக இருக்கும். எழுதியவர் பெயர் போடவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பதினாறு பதினேழு’ என்று மட்டும் இருந்தது. பிழையில்லாத, கொஞ்சம் விறைப்பான தமிழ். ஒரு பக்கத்துச் சீப்பை மட்டும் பிரித்துவிட்டால் மீதித் தார் எடை சாய்ந்து கோணலாகச் சுற்றாதா என்று கேட்டிருந்தார். சீப்பைத் தண்டோடு பிணைக்கும் போல்ட்டுகள் தண்டுக்கு உட்புறம் இருப்பதாக வரைந்திருக்கிறீர்கள், அங்கே நான்கு விரற்கடை இடம்தான் தெரிகிறது, ஒரு மனிதன் கையை எந்தப் பக்கமிருந்து நுழைத்து அவற்றைக் கழற்றுவான் என்று கேட்டிருந்தார். முடிவில், கதை மிகவும் பிடித்திருப்பதால்தான் இவ்வளவும் கேட்கத் தோன்றியது என்று ஒரு வரி.

என் கண்ணில் அந்தக் கடைசி வரி படவில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர் யாரோ, வேலையற்றுப்போய்க் குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைத்தேன். இது கதை, பட்டறை இல்லை என்று சுருக்கமாகப் பதில் போட்டேன். அடுத்த வாரமும் கேள்வி வந்தது. தண்டு சூடாகுமே, அந்தச் சூடு எங்கே போகும்? வயதானவர்கள் ஒரு சீப்பிலிருந்து இன்னொரு சீப்புக்கு எப்படிப் போவார்கள்? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி என்பது அப்போதே எனக்குத் தெரியும். கோபம் வந்ததே அதனால்தான்.

மதியச் சாப்பாட்டின்போது இந்தக் கடிதங்களை என் நண்பனிடம் வாசித்துக் காட்டுவேன். பேராசிரியர் குரல் என்று நானே ஒரு குரலை வைத்துக்கொண்டு, மூக்கால் பேசி வாசிப்பேன். அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்பான். ஒருநாள் மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

“அவரு கேட்டதுல இன்னா தப்பு கீது?” என்றான்.

கற்பனை இல்லாதவர்களுக்கு இதெல்லாம் புரியாது, வாழ்நாள் முழுக்க அளவெடுத்தே செத்துப்போகிற கூட்டம் அது என்று நான் சொன்னேன். அவன் சாப்பாட்டை முடித்து எழுந்தான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

என் பதில்கள் வாரத்துக்கு வாரம் மோசமாகின. நான் ஒன்று சொன்னால் வாசகர்கள் பத்து சொன்னார்கள். வாத்தியார் என்றார்கள், கிழம் என்றார்கள், தாசில்தார் ஆபீசில் போய்க் குறை சொல்லுங்கள் என்றார்கள். அவர் யாரையும் திருப்பித் திட்டவில்லை. தாங்கள் கோபப்பட வேண்டாம் என்று எனக்கு மட்டும் எழுதினார். தாங்கள் என்ற அந்தச் சொல்லைக்கூட நான் கிண்டல் செய்தேன்.

அதோடும் எனக்கு அடங்கவில்லை. அவரைக் கதைக்குள் கொண்டுவந்து முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். வாழைத்தாரில் தீப்பிடிக்கிறது. ஒரு சீப்பு உடனே பிரிந்தால்தான் அதில் இருப்பவர்கள் பிழைப்பார்கள். வாசலில் ஒரு ஆய்வாளர் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டு, ஒரு போல்ட்டின் அளவு சரியாக இல்லை என்று வாதாடுகிறார். ஜனங்கள் அவரைத் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். அவர் அளந்துகொண்டே எரிந்துபோகிறார். பிதுங்கிய கண், தொங்கும் உதடு என்று அவர் முகத்தை ரசித்து ரசித்து வரைந்தேன். சட்டைப் பையில் 16-17 என்று எழுதினேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விசேஷ விருந்து என்று முன்கூட்டியே அறிவித்தும் விட்டேன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை ஒரு புது ஃபிக்ஸ்சரைப் பூட்டிப் பார்ப்பதற்காகக் கீழே கூப்பிட்டார்கள். நண்பன் தரையில் உட்கார்ந்து, சட்டத்தின் அடியில் தலையைக் கொடுத்து வேலை செய்துகொண்டிருந்தான்.

“இன்னா மச்சான், இந்த போல்ட்ட டைட் பண்ண கை எந்தப் பக்கத்துலேர்ந்து போவும்?” என்றான். பிறகு ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, “அந்தப் பதினாறு பதினேழ எடு” என்றான். தட்டில் வரிசையாகக் கிடந்த ஸ்பேனர்களில் ஒன்றை எடுத்தேன். ஒரு முனையில் 16, மறுமுனையில் 17 என்று இரும்பில் பொறித்திருந்தது.

அதை அவன் கையில் கொடுத்தேன். வாங்கியவன் வேலையைத் தொடர்ந்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். பல வருடங்களாக என் வரைபடங்களைப் பார்த்து அவன் என்னிடம் கேட்டுவரும் கேள்வியைத்தான் அந்தக் கடிதங்களும் கேட்டிருந்தன. எனக்கு உறைக்காமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். ‘கீது’ என்று பேசுகிற ஒருவன் ‘தாங்கள்’ என்று எழுதுவான் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. மனதுக்குள் கடிதம் எழுதியவர் ‘அவர்’, நண்பன் ‘அவன்’. இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என் புத்தியில் இடமே இல்லை.

அப்போதே அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். இந்த அளவு ஸ்பேனர் ஊரெல்லாம் இருக்கிறது, வேறு யாராவதாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விருந்து எங்கே என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் நன்றாக வந்திருந்தது என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் போட்டேன்.

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் கொண்டாடியது அந்த அத்தியாயம்தான். அந்த முகத்தை வெட்டி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்தார்கள். சாயங்காலம் பதினாறு பதினேழு எழுதினார். படம் நன்றாக வந்திருக்கிறது, அந்த ஆள் ஸ்பேனரைப் பிடித்திருக்கும் விதம் மட்டும் தவறு, அப்படிப் பிடித்து இறுக்கினால் கை வழுக்கி இரும்பில் இடிக்கும் என்று. அதற்குக் கீழேயும் சிரித்தார்கள். அதன் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

திங்கட்கிழமை நண்பன் வழக்கம்போல வந்தான், என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். ஞாயிறு அன்று ஆவடி மார்க்கெட்டில் இருந்த கூட்டத்தைப் பற்றிப் பேசினான். நானும் பேசினேன். கப்பல் பேச்சு எங்கள் இருவருக்கும் நடுவில் வரவில்லை.

ஒன்று மட்டும் மாறியது. என் வரைபடங்களைப் பற்றி அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். முன்பெல்லாம் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து, இங்கே இடம் விடு, அங்கே ஒரு ஓட்டை போடு என்று சண்டை பிடிப்பான். இப்போது நான் அனுப்பியதை அப்படியே பூட்டினான். சில வாரங்கள் கழித்து டீ குடிக்கும்போது அவனுடைய வலது கையைப் பார்த்தேன். நான்கு விரல் முட்டிகளிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. முந்தைய நாள் அனுப்பிய சட்டத்தில் போல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே நான் இடமே விடவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். படத்துல அப்டித்தான போட்டுக்குது என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

ஆறேழு மாதத்தில் திருவள்ளூர்ப் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான். என்னால் போனான் என்று சொல்ல முடியாது. அங்கே பதவியும் பெரியது. ஆனால் கடைசி நாளன்று எல்லோரிடமும் கைகுலுக்கியவன் என்னிடமும் அதேபோலத்தான் கைகுலுக்கினான். அதுதான் என்னை அறுத்தது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கோவில்பதாகைக்குப் போனேன். அவன் மனைவிக்கு என்னைக் கண்டதும் சந்தோஷம். எங்க ஊட்டுக்காரரு உங்க கதைய ரயில்லயே படிச்சிடுவாரு, அப்பறம் ஊட்ல வந்து எனக்கும் படிச்சிக் காட்டுவாரு என்றார். கேள்வி எழுதுவதென்றால் முதலில் நோட்டில் எழுதி, பிழை திருத்தி, அப்புறம்தான் போனில் அடிப்பாராம். எழுதறவருக்கு மரியாதையா எழுதணும் என்பாராம். சொல்லிவிட்டு அவர் டீ போட உள்ளே போனார். நண்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். பாதியை மறைத்தால் மன்னிப்பு ஆகாது என்று எனக்கு ஒரு எண்ணம்.

“அது நீதான்னு எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் போடறதுக்கு முந்தின நாளே தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்” என்றேன்.

டீ வந்தது. டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

“நீ தெரியாம போட்டுட்டன்னு தான் மச்சான் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன்” என்றான். டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்து, “நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்” என்றான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். சரி, டீ ஆறுது, குடி என்றான். அவன் தேடி எடுத்து வைத்திருந்த ஒரு ஆறுதலையும் நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது வண்டியை எடுத்த பிறகுதான் புரிந்தது. என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காகப் போயிருக்கிறேன், அவனுக்காகப் போகவில்லை.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்பதையும், ஒரு நல்ல வாசகரை அவமானப்படுத்திவிட்டேன் என்பதையும் அந்த இணையப் பக்கத்திலேயே எழுதினேன். என்ன பெரிய மனசு என்று அதற்கும் பாராட்டு வந்தது. அதைப் படிக்க முடியாமல் மூடிவைத்தேன். அன்றைக்குக் கிழம் என்று எழுதியவர்களில் சிலரும் அந்தப் பாராட்டில் இருந்தார்கள்.

பிறகு வாழைத்தாரை முழுதாகத் திரும்ப வரைந்தேன். தண்டை அகலமாக்கினேன். சீப்புகளை எதிரெதிர் ஜோடியாகப் பிரியும்படி மாற்றினேன். போல்ட்டுகளை வெளிப்பக்கம் கொண்டுவந்து, ஆள் நின்று கை வீச இடம் விட்டேன். கப்பல் முன்பைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. வாசகர்கள் யாரும் அந்த மாற்றங்களைக் கவனிக்கவில்லை. அருமை என்று எழுதினார்கள். அது சரியாகச் சுற்றுமா என்று கேட்க ஆளில்லை. நானும் அவனுக்கு அதை அனுப்பவில்லை. அனுப்பினால் பார்க்க வேண்டும், பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தில் அவனை மறுபடி மாட்டிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்ச நாளில் இணையப் பக்கத்தில் எழுதுவதும் குறைந்தது, பிறகு நின்றுபோனது.

போன மாதம் ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினேன். எதிர் இருக்கையில் அவன் இருந்தான். நல்லாகீறியா என்று அவன்தான் முதலில் கேட்டான். மகள் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகவும், இயந்திரப் பிரிவுதான் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கியதாகவும் சொன்னான். நான் என் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அண்ணனூர் போனது, திருமுல்லைவாயல் போனது. இப்போது ஏதாவது படிக்கிறாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அம்பத்தூர் வந்துவிட, நான் எழுந்தேன். படி வழுக்கும், பார்த்து இறங்கு என்றான். தலையாட்டிவிட்டு இறங்கினேன்.