உள்பக்கத்திலிருந்து உடைந்த கண்ணாடி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது. வட்டாரம் முழுக்க அவர் மெதுவண்ணன்தான். கார்களுக்குக் கண்ணாடி மாற்றுவது தொழில். புதுக் கண்ணாடி போட்டு முடித்ததும் வண்டிக்காரர்கள் சந்தோஷத்தில் கதவைப் படாரென்று சாத்தப் போவார்கள். இவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து "மெதுவா, மெதுவா" என்பார். சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மாமனார்கூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடை என்று ஒன்று கிடையாது. மூடிய சிறிய டெம்போ ஒன்றில் பழைய கம்பளிகள் சுற்றிய சட்டங்கள் போட்டு, கண்ணாடிகளை நிமிர்த்தி நிறுத்திவைத்திருப்பார். கூப்பிடுகிற வீட்டுக்கே போய் வேலை செய்துகொடுப்பார். போனை எடுப்பது அவர் மனைவி. "ஊர்ல எவன் கல்லை எடுத்தாலும் நம்ம வீட்டு அடுப்பு எரியுது" என்று சிரிப்பார் அந்த அம்மா. மெதுவண்ணன் சிரிக்கமாட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவார். பயம் இல்லை, வேலை கெட்டுப்போகிறதே என்ற எரிச்சல்தான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தத் தையல்காரம்மா வீட்டு வண்டி வந்து வாய்த்தது.

முதலில் அந்த அம்மாதான் போன் செய்தார். வண்டி வாசலில்தான் நின்றிருக்கிறது, யாரும் பக்கத்தில் போகவில்லை, பக்கக் கண்ணாடி தூள்தூளாகக் கிடக்கிறது என்றார். மெதுவண்ணன் போய்ப் பார்த்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு. பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட சரிவான சிமெண்டுத் தரை. அதில்தான் வண்டி நின்றது. ஏழு பேர் உட்காரும் குடும்ப வேன். மூன்றாவது பிள்ளை பிறந்ததும் வாங்கியது. உள்ளே இருக்கைகளின் இடுக்கில் பிஸ்கட் தூள், ஒற்றைச் செருப்பு, வெயிலில் உருகி ஒட்டிக்கொண்ட பச்சை மெழுகுக் கலர். பிள்ளைகள் உள்ள வீட்டு வண்டி என்பது கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும்.

உடைந்திருந்தது இடதுபக்கத் தள்ளுகதவின் கண்ணாடி. கற்கண்டு கொட்டியதுபோலச் சில்லுகள் தரையில் விசிறியாகச் சிதறியிருந்தன. மெதுவண்ணன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இருக்கையைத் தடவிப் பார்த்தார். ஒரு சில்லுகூட உள்ளே இல்லை.

"உள்ள யாராவது இருந்தாங்களாம்மா?"

"வண்டி பூட்டியிருந்துச்சுண்ணே. சாவி ஆணியில தொங்குது. இவரு தூங்கிட்டிருந்தாரு, நான் மெஷின்ல இருந்தேன்."

வீட்டுக்காரர் ரொட்டி ஆலையில் வேலை செய்பவர். விடியுமுன் போய் மதியம் திரும்பி, சாப்பிட்டதும் கட்டையாய்ச் சாய்ந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் அம்மாவின் தையல் மெஷின் ஓடும். இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில். கடைக்குட்டிப் பையன் மட்டும் மதியமே வந்துவிடுவான். சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் அவனுக்குச் சுண்டு என்று பெயர். அன்று அவன் அப்பாவின் வயிற்றில் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தானாம்.

யாரோ கல்லெறிந்திருப்பார்கள் என்று பேசி முடித்தார்கள். கல் எறிந்தால் சில்லு உள்ளேதான் விழும் என்று மெதுவண்ணன் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, கதவுக்குள் அடியில் விழுந்திருந்த சில்லுகளை உறிஞ்சு மெஷினால் எடுத்து, புதுக் கண்ணாடியை மேலிருந்து இறக்கித் திருகினார். ஏற்றி இறக்கிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. வழக்கம்போல "மெதுவா" சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சில வாரங்களில் மறுபடி போன். அதே கதவு. அதே உச்சி வெயில் நேரம். சில்லுகள் அதே மாதிரி வெளியே.

இந்த முறை மெதுவண்ணனுக்கு உறுத்தியது தன் வேலைதான். எங்கேயாவது இரும்பு விளிம்பு கண்ணாடியில் உரசியிருக்குமோ என்று கதவை எலும்புக்கூடாக்கிப் பார்த்தார். பிசகு ஒன்றும் இல்லை. தலையைக் கதவுக்குள் விட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது, எங்கேயோ மிக அருகில், நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். டார்ச்சை அணைத்துக் கேட்டார். நின்றுவிட்டது. வீட்டுக்குள் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி வாங்கப்போன இடத்தில் கிடங்குக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "கண்ணாடி காய்ச்சும்போது ஒரு பொடி உள்ள மாட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாது. என்னைக்காவது வெயில்ல தானா வெடிக்கும். இதுக்கெல்லாம் மண்டையக் குழப்பிக்காதீங்க."

"ஒண்ணுக்கு மாட்டும். அடுத்த கண்ணாடிக்குமா? முதல்ல உடைஞ்சது வண்டியோடவே வந்ததாச்சே."

கிடங்குக்காரர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "டீ சொல்லவா?" என்றார்.

புதுக் கண்ணாடி போட்ட அன்று வீட்டுக்காரர் விழித்திருந்தார். சலித்துப்போயிருந்தார். "உடைஞ்சாலும் கீழ விழாம இருக்கணும்ணே. ஒரு பிலிம் ஒட்டுவாங்கல்ல, அதை ஒட்டிவிடுங்க. உடைஞ்சா உடைஞ்ச இடத்துலயே நிக்கட்டும்."

நியாயமான யோசனை. கனமான, நிறமில்லாத பிலிம் இருக்கிறது. உள்பக்கம் ஒட்டிவிட்டால் சுத்தியலால் அடித்தாலும் கண்ணாடி விரிசலோடு அப்படியே நிற்கும். மெதுவண்ணன் சோப்புத் தண்ணீர் தெளித்து, பிலிமை விரித்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒட்டினார். பிலிம் ஒட்டுவதில் அவர் கை சுத்தம். ஒட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாளே தையல்காரம்மா கூப்பிட்டார். "அண்ணே, ஒரு கொப்புளம் மாதிரி வந்திருக்கு."

இருக்கையில் உட்காரும் குழந்தையின் முகம் இருக்கும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பிலிம் எழும்பியிருந்தது. பட்டையால் தள்ளினார். காற்று ஓரத்துக்கு ஓடி வெளியேறியது. துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அதே இடத்தில் மெல்ல மெல்லத் திரும்ப எழும்பிக்கொண்டிருந்தது. விரலை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. காலை நேரம், தகரக் கூரையின் நிழல், கண்ணாடியின் மற்ற இடமெல்லாம் சில்லென்றிருந்தது. அந்த ஒரு இடம் மட்டும் யாரோ வாயை வைத்து ஊதியதுபோல.

பிலிமை உரித்துப் புதிதாக ஒன்று ஒட்டினார். உட்கார்ந்து காத்திருந்தார். தையல்காரம்மா கொடுத்த டீ ஆடை கட்டியது. அதே இடத்தில் அதே அளவில் எழும்பியது.

அவருக்குள் இரண்டு பேர் வாதாடினார்கள். தொழில்காரர், 'இன்னொன்று ஒட்டு, பசையை மாற்றிப் பார்' என்றார். மற்றவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் கை மற்றவர் பேச்சைத்தான் கேட்டது. பிலிமின் மூலையை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்துச் சுருட்டினார்.

"இதுல பிலிம் ஒட்டாதும்மா. விட்டுடலாம்."

அன்று வார விடுமுறை என்று படுத்திருந்த வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எழுந்து வந்து சுருட்டலைப் பார்த்தார். "உங்களுக்கு ஒட்ட வரலன்னு சொல்லுங்க, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

தொழில்காரனுக்கு அதைவிடச் சுருக்கென்று தைக்கிற வார்த்தை வேறு இல்லை. மெதுவண்ணன் பட்டையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "வரலன்னே வெச்சுக்கங்க. ஆனா வேற ஆளை வெச்சும் ஒட்டாதீங்க. எனக்காக." எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே புரியவில்லை. டெம்போவில் ஏறி, அடுத்த வேலைக்குப் போகாமல் நேரே வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் மனைவி கேட்டதற்கு, "வெயில்" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. ஒரு காலையில் மனைவி போனை நீட்டினார். "தையல்காரம்மா. குரலே சரியில்ல."

"அண்ணே, நேத்து மறுபடியும் உடைஞ்சிருச்சு," என்றது குரல். அப்புறம் அழுகை. "வாங்கண்ணே. நேர்ல சொல்றேன்."

நடந்தது இதுதான். முந்தின நாள் மதியம் சுண்டு சோறு வேண்டாம் என்று ஒளிந்துகொண்டான். பூட்டாமல் கிடந்த வேனில் ஏறிக் கதவை இழுத்திருக்கிறான். சரிவில் நின்ற வண்டி. கதவு தானே உருண்டு வந்து மூடிக்கொண்டது. வண்டி ஓடும்போது பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்று போட்டிருந்த குழந்தைப் பூட்டு, உள்ளிருந்து திறக்க விடவில்லை. அவன் பயப்படவில்லை; இருக்கையில் படுத்துக்கொண்டான். தூங்கிவிட்டான். வெளியே தகரம் பொரிகிற வெயில். அப்பா தூக்கத்தில். அம்மா, அவன் தானாக வரட்டும் என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அவசரமாகக் கொடுக்கவேண்டிய உருப்படிகள். மெஷின் ஓட ஓட நேரம் போனது தெரியவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு தடவை கேட்டுப் பழகிய சத்தம். தையல்காரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு, கண்ணாடியையும் மெதுவண்ணனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார். சில்லுகள் தரையெல்லாம் வெளியே சிதறிக்கிடந்தன. திறந்த சட்டத்தின் வழியே அடுப்பைத் திறந்ததுபோல அனல் வந்தது. அதற்குள் இருக்கையில், சட்டை உடம்போடு ஒட்டி, உதடு வெளுத்து, சுண்டு.

ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாராம்.

மெதுவண்ணன் போனபோது சுண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவர் அவன் பக்கத்தில் குந்தினார்.

"நீதான் தட்டி உடைச்சியா?"

"இல்ல. தட்டணும்னு நெனச்சேன். கையே வரல." நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "அப்புறம் அதுவே தட்டிக்கிச்சு."

"எது?"

பையன் அவரை, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தான். நூல்கண்டு கட்டிலுக்கடியில் உருண்டது. அவன் அதன் பின்னால் போய்விட்டான்.

தையல்காரம்மா வாசற்படியில் நின்று கேட்டார். "அண்ணே, அந்த பிலிம் மட்டும் இருந்திருந்தா?"

மெதுவண்ணன் கருவிப் பெட்டியைக் கையில் எடுத்தார். பிலிம் இருந்திருந்தால் கண்ணாடி விரிசலோடு நின்றிருக்கும். சத்தமும் வந்திருக்காது, காற்றும் உள்ளே போயிருக்காது. அது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்து வேலையைத் தொடங்கினார். வீட்டுக்காரர் அன்று ஆலைக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்று திருகுகளை வாங்கி வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முந்தின வாரம் சொன்ன வார்த்தை இருவருக்கும் நடுவில் நின்றது. இருவருமே அதைத் தொடவில்லை. குழந்தைப் பூட்டைத் தள்ளிவிடுவது எப்படி என்று மட்டும் வீட்டுக்காரர் கேட்டார். கதவின் விளிம்பில் இருக்கும் சின்னக் கொக்கியைக் காட்டினார் மெதுவண்ணன்.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் இருக்கையில் ஏறி, மகன் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"கதவைச் சாத்துங்கண்ணே."

"எதுக்குங்க?"

"சாத்துங்க. கொஞ்ச நேரம்."

சாத்தினார். உள்ளே அந்த மனிதர் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியில் நின்ற மெதுவண்ணனுக்கு, கண்ணாடியில் தன் முகமும் அந்த முகமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தது. மெஷின் சத்தம் இல்லாத வீடு. தெருவில் நாய்கூட நடமாடவில்லை. நெற்றி பட்ட இடத்தில் ஆவி படர்ந்தது, சுருங்கியது, படர்ந்தது. இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியபோது கதவை இழுத்துத் திறந்தார்.

வீட்டுக்காரர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். இறங்கி, வேனின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவண்ணனிடம் திரும்பினார்.

"அந்தப் பக்கம் போய் ஏன் தட்டினீங்க?"

"நான் இங்கயேதான் நின்னேன்."

பிறகு வீட்டுக்காரர் உள்ளங்கையில் மிச்சமிருந்த ஒரு திருகைக் கொடுத்தார். அது அந்தக் கதவின் திருகு இல்லை. மெதுவண்ணன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கண்ணாடி அதன்பின் உடையவில்லை. அவர்கள் வண்டியை விற்கவுமில்லை. தையல்காரம்மா மெஷினைத் திருப்பிப் போட்டு, வாசல் தெரியும்படி உட்கார்ந்து தைக்கிறார். சுண்டு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். அவனுக்கு எதுவும் நினைவில் இல்லை என்கிறார்கள்.

மெதுவண்ணன் இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் மட்டும் ஒருமுறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முழுவதும் சொன்னார். மனைவி எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறவர். அன்று எழுந்துபோய், வெளியே நின்ற டெம்போவின் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு வந்தார். கம்பளிகளுக்கு நடுவே கண்ணாடிகள் நின்றுகொண்டிருந்தன. திரும்பி வந்து, "சாப்பிடுங்க, ஆறுது" என்றார்.