தாடி வைத்த சிரிலும் கனிவான லொரெய்னும்

லொரெய்ன் பூத்தின் சட்டையில் குத்தியிருக்கும் அட்டை அவளை இப்படி வருணிக்கிறது: "வாடிக்கையாளர் நலக் காவலர். சூதாட்டத்தில் சிக்கியவர்களை இனங்காண்பார், கனிவாகப் பேசுவார், தேவையெனில் தடுத்து நிறுத்துவார்." முதல் இரண்டும் சத்தியம். மூன்றாவதற்கு அவளுக்கு இதுவரை நேரம் கிடைத்ததில்லை.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பந்தயக் கடை அவள் பொறுப்பு. யாருடைய முகமும் வாடப் பொறுக்காதவள் என்று ஊரில் பெயர். ஒரு முகமும் வாடாமலேயே எத்தனையோ பேரை ஓட்டாண்டியாக்கியிருக்கிறாள்.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சிரில் ஹேக், குளிர்காலத்தில் தானாகவே வந்து தன் புகைப்படத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர். நானே வந்து கெஞ்சினாலும் என்னிடம் பந்தயம் வாங்காதே என்று அதற்கு அர்த்தம். படம் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டது. இந்தக் கோடையைப் பந்தயம் இல்லாமல் கடந்தால் கடலோர விட்பிக்கு வந்து எங்களோடு இருக்கலாம் என்று மகள் ஜில் சொல்லியிருந்தாள். பேத்திக்குப் பக்கத்து அறையாம்.

விம்பிள்டன் டென்னிஸ் தொடங்கிய திங்கட்கிழமை சிரில் தாடியோடு வந்து நின்றார். அவர் வாய் திறக்கும் முன்பே இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீரை லொரெய்ன் நீட்டினாள்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன கண்ணு? ஆனா படத்துல இருக்கறவருக்குத் தாடி இல்லையே. அவரைத்தானே விடக் கூடாது?"

நாய்ப் பந்தயம் ஓடும் திரையடியில் இருந்த ஒருவர், "தாடி வெச்சா புது ஆளா? என் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிப் பாக்கறேன்" என்றார். கடையே சிரித்தது.

சிரிலுக்கு டென்னிஸ் புரியும். அதாவது, புரியும் என்று அவர் சொல்வார். பெரிய போட்டிகளில் முதல் சுற்றில் தோற்றாலும் கொழுத்த காசோலை உண்டு. ஆகவே அடிபட்டவனும் நொண்டிக்கொண்டு வந்து, பாதியில் விலகிவிடுவான். அவனுடைய எதிராளி மேல் பணம் கட்ட வேண்டும். பார்ன்ஸ்லியில் எல்லாருக்கும் தெரிந்த இந்த ரகசியத்தை அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லி, டென்னிஸ் திரையில் ஓர் ஆட்டக்காரனைக் காட்டினார்.

"முட்டியில கட்டுப் போட்டிருக்கான் பாரு. ஆட வரலை, காசோலை வாங்க வந்திருக்கான்."

கட்டினார். கணிப்பு பலித்தது. முதல் செட்டில் ஒன்றுக்கு நான்கு என்று பின்தங்கியிருக்கையில் அந்த ஆட்டக்காரன் கைகுலுக்கிவிட்டு வெளியேறினான். சிரில் குதித்தார். லொரெய்ன் வருத்தத்தோடு சுவரைக் காட்டினாள். ஒரு செட்டாவது முடிந்தால்தான் பந்தயம் செல்லும் என்று அங்கே கொட்டை எழுத்தில் இருந்தது. எவனோ ஒருவனின் முட்டியை ஆராய்ந்த மனிதர், பல காலம் தான் எதிரே உட்கார்ந்திருந்த சுவரைப் படித்ததில்லை.

"அப்ப பந்தயமே நடக்கலைன்னு அர்த்தமா?"

"ஆமா கண்ணு. கட்டுனது அப்படியே திரும்பும்."

சிரில் தேநீர்க் கோப்பையை வைத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். "அப்ப நான் இங்க வரவே இல்ல. ஜில்லுகிட்ட பொய் சொல்ல வேண்டாம். குடும்மா, கிளம்பறேன்."

இப்படி ஒரு வாசல் ஒருவருக்குத் தானாகத் திறப்பது அபூர்வம். ஆனால் சிரிலின் முகம் வாடியிருந்தது. அதைத்தான் லொரெய்ன் பார்த்தாள்.

"இவ்வளவு சரியாச் சொல்லிட்டு வெறுங்கையோடவா போவீங்க? அங்க மூணாவது கோர்ட்ல பாருங்க, இன்னொருத்தன் நொண்டறான்."

நீட்டிய கையை மடக்காமல் சிரில் திரையைப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

லொரெய்ன் அந்தப் பணத்தை அடுத்த ஆட்டத்தின் மேல் கட்டினாள்.