காக்களூரில் ஒரு ஜாவா ஃப்ரேம்வொர்க் தேர்வு

இன்று காக்களூரில் வால்வு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். சரக்கு அனுப்பும் மென்பொருளை ஜாவாவில் புதிதாக எழுதப் போகிறார்கள். ஸ்பிரிங் பூட்டா, குவார்கஸா, எந்த ஃப்ரேம்வொர்க்கை அடித்தளமாக வைத்து எழுதுவது என்று ஆலோசனை சொல்வது என் வேலை.

நாற்பது பக்க அறிக்கையை நீட்டினேன். முதலாளி அதைத் திறக்காமல், அங்கிருக்கும் ஒரே புரோகிராமரான சங்கீதாவைக் கேட்டார்.

"எதும்மா ஈஸி?"

"ஸ்பிரிங் பூட்தான் சார். எல்லா கம்பெனிலயும் அதான் ஓடுது."

"அப்போ அத கத்துக்கினா எவன் வேணா உன்ன வேலைக்கு இட்டுக்கினு பூடுவான், இல்ல?"

சங்கீதா கூரையைப் பார்த்தார்.

"முன்னாடி இருந்த ரெண்டு பேரும் இங்க கத்துக்கினு மெட்ராஸ் பக்கம் பூட்டானுங்க. இன்னொண்ணு இருக்குதே, அதையே போடு. பொறுமையா கத்துக்கோ."

இப்படியாகக் குவார்கஸ் தேர்வானது.

வெளியே டீக்கடையில், "வருத்தமா?" என்று சங்கீதாவிடம் கேட்டேன்.

"இன்னா வருத்தம் சார்? போன வாரம் இன்டர்வியூல குவார்கஸ் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன், திருப்பி அனுப்பிட்டாங்க. இப்போ சம்பளத்தோட கத்துக்கச் சொல்லிட்டாரு. ஆறு மாசம் போதும்."

உள்ளே திரும்பிப் போய், ஒப்புதல் படிவத்தில் தேர்வுக்கான காரணம் என்ற கட்டத்தில் 'நீண்டகால நோக்கு' என்று எழுதினேன். முதலாளி திருப்தியுடன் கையெழுத்திட்டார். யாருடைய நோக்கு என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

உங்கள் அலுவலகப் படிவத்தில் இருக்கிறதா?