நான் திருடிய பன்னிரண்டு ராகங்கள்

மாமாவுக்குப் பாட வராது. அவர் வாயைத் திறந்தால் மாமி எழும்பிப் போய் அடுப்படிக் கதவைச் சாத்துவார். ஆனால் எந்த ராகத்தில் எந்தச் சுரம் வரும், எது வராது, ஏன் வராது என்று நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற மனிதருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று கேட்டால், அம்மா ஒரு பழைய புத்தகத்தைக் கைகாட்டுவார். அம்மாவையும் மாமாவையும் பெற்ற அம்மப்பா வைத்திருந்த சங்கீத இலட்சணப் புத்தகம் அது. அம்மப்பாவின் வீடு, கட்டில், போட்டோ எல்லாம் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் போய்விட்டன. அவருடைய கை பட்ட பொருள் என்று மிஞ்சியது அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

பெரியகல்லாற்றில் மாமா வீட்டுச் சாமியறையில் அது மஞ்சள் துணியில் சுற்றியபடி இருந்தது. துணி மாற்றுவதற்காக ஒருநாள் நிலத்தில் இறக்கி வைத்திருந்தபோது என் கால் அதில் பட்டுவிட்டது. மாமா என்னைப் பிடித்து நிறுத்தி, மூன்று தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளையாருக்கு அடுத்தபடி இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்க வேண்டும் என்பது மாமாவின் வெகுநாள் ஆசை. சங்கீதப் பரீட்சை எடுக்கிற பிள்ளைகள் போட்டோகொப்பிக்குப் போட்டோகொப்பி எடுத்து, எழுத்துத் தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய பக்கங்களை அப்படியே போட்டு, கடைசியில் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்குகிற தமிழில் விளக்கம் எழுதிச் சேர்ப்பது என்று மாமா திட்டம் போட்டார். பக்க எண்கள் க, உ என்று தமிழ் இலக்கத்தில் இருந்தன. அதை எந்தப் பிள்ளை வாசிக்கும்? பழைய எண்ணை எடுத்துவிட்டு 1, 2, 3 என்று புதிதாகப் போடுவதென்றும் தீர்மானித்தார்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் நானும் தொற்றிக்கொண்டு போனேன். கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனில் இறங்கும்வரை புத்தகம் என் மடியில்தான் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

அச்சகக்காரர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விரிச்சு வெச்சு ஸ்கேன் பண்ணினா நடு எழுத்து விழாது சேர். கட்ட வெட்டித் தாள் தாளா எடுத்தாத்தான் சரி.”

மாமா அட்டையை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு, “ஓம், வெட்டுங்க” என்றார். சொல்லிவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

எனக்கு விளங்கவில்லை. மூலையில் கட்டில் அளவுக்கு ஒரு மெசின் நின்றது. அச்சகக்காரர் புத்தகத்தை அதற்குள் தள்ளினார். நீளமான கத்தி ஒன்று மேலிருந்து இறங்கியது. சரக்கென்று ஒரு சத்தம். புத்தகத்தின் முதுகு தனியாகக் கீழே விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் மாமா தெருவிலிருந்து ஓடி வந்தார். கையில் தேநீரும் இல்லை, ஒன்றும் இல்லை.

“ஒண்டும் இல்ல புள்ள. அழாத. இனித்தான் இது தப்பப் போகுது.”

தப்பப் போகிறதாம்! கழுத்தை அறுத்துப் போட்டுவிட்டுச் சொல்கிற கதையைப் பாருங்கள். கால் பட்டதற்கு மூன்று தரம் ஒற்றச் சொன்ன மனிதர், வெட்டச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். அதுவரை அவர் மேல் நான் வைத்திருந்த மரியாதை முழுவதும் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது.

மாமாவும் அச்சகக்காரரும் அட்டைக்கு நிறம் பார்க்கிற நேரத்தில் நான் அந்தத் தாள்கட்டின் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு தாளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மேலிருந்து எடுத்தால் பிடிபடுவேன் என்று நடுவிலிருந்து ஒன்றை உருவி, மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அந்தளவுக்குக் கெட்டிக்காரி நான்.

வீட்டில் அதை என் பள்ளிக்கூடச் சைவநெறிப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஆள் இல்லாத நேரம் எடுத்துப் பார்ப்பேன். ஒரு பக்கத்தின் மேலே ‘பாண சக்கரம்’, மறுபக்கத்தில் ‘ருது சக்கரம்’. கீழே வரிசையாகப் பெயர்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அம்மப்பா பென்சிலால் சின்னதாக ஏதோ எழுதியிருந்தார். அது சங்கராபரணம். எழுத்து மங்கிப்போய் என்னால் வாசிக்க முடியவில்லை.

மூன்று மாதத்தில் புத்தகம் தயாரானது. அச்சுக்கு முன் மாமா தான் எழுதிய விளக்கத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பழைய பக்கங்களைச் சும்மா புரட்டியதோடு விட்டுவிட்டார். படம் பிடித்த பக்கத்தில் பிழை எப்படி வரும்? அதோடு, மனப்பாடமாகத் தெரிந்த ஆளுக்கு இல்லாத பக்கமும் கண்ணுக்குத் தெரியும். புது எண்களோ எந்த இடைவெளியும் இல்லாமல் ஒழுங்காக ஓடின.

வெளியீட்டு விழா கோயில் மண்டபத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற சங்கீத விரிவுரையாளர் அம்மா ஒருவர் பேச வந்திருந்தார். புத்தகத்தைக் கையில் விரித்தபடி மைக்கில் புகழ்ந்துகொண்டே போனார். தாய் ராகங்கள் எழுபத்திரண்டு, ஆறாறாகப் பன்னிரண்டு சக்கரம், ஒரு பக்கத்துக்கு ஒரு சக்கரமாக எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியவர், சட்டென்று நின்றுவிட்டார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார்.

“தம்பி, நாலாவதுக்குப் பிறகு ஏழாவது சக்கரம் வருது. நடுவில ரெண்டையும் காணல்லயே?” என்றார். பிறகு மைக்கிலிருந்து வாயை எடுக்க மறந்து, “ஐயோ, சங்கராபரணம் எங்க?” என்றார்.

மண்டபம் முழுக்கத் தாள் புரளும் சத்தம் கேட்டது. சங்கீதம் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரிந்த ராகம் அது. அது இல்லாமல் ஒரு சங்கீதப் புத்தகம்! பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமா எழும்பினார். முகத்தில் இரத்தமே இல்லை. “என்ட பிழைதான்” என்று மட்டும் சொன்னார். முந்நூறு புத்தகத்திலும் நான்தான் ஓட்டை போட்டிருக்கிறேன்.

மறுநாள் மாமா, அச்சகத்தில் விட்டுவந்த பழைய தாள்களில் தேடிப் பார்க்கலாமென்று முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனார். பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். “கிடைக்கல்ல” என்றார். அதற்குமேல் அவர் அன்றைக்கு எங்களிடம் சொல்லாததை, நான் பெரியவளான பிறகு மாமி சொல்லித்தான் அறிந்தேன். ஸ்கேன் எடுத்து முடிந்ததும் அச்சகத்தில் அந்தத் தாள்கட்டைக் கழிவுக் கடதாசியோடு சேர்த்து அனுப்பிவிட்டார்களாம். ‘படம் எல்லாம் கம்பியூட்டருக்குள்ள பத்திரமா கிடக்கு சேர்’ என்றார்களாம்.

அதெல்லாம் தெரியாத நான் சைவநெறிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, அந்தத் தாளை எடுத்து மாமாவின் முன்னால் நீட்டினேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமா எட்டி அந்தக் கையைப் பிடித்துவிட்டார். தாளை வாங்கி, பென்சில் எழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு என்னைக் கிட்ட இழுத்தார்.

“இன்னும் எத்தின தாள் எடுத்தாய் புள்ள? பயப்பிடாமச் சொல்லு. மாமா அடிக்க மாட்டன்.”

“ஒண்டுதான் மாமா.”

“நல்லா யோசிச்சுப் பாரு. ரெண்டு மூண்டு எடுத்திருப்பாய்.”

என்னைப் பெரிய கள்ளி என்று நினைக்கிறார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையில் கைவைத்து, “பிள்ளையார் சத்தியமா ஒண்டுதான் மாமா, வேற ஒண்டுமே எடுக்கல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு ஏன் அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுதார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.