அக்காவின் ஏணி மார்க்கைப் பதிவிலிருந்து எடுக்க வந்தவர்

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. படிப்பைச் சீக்கிரம் விட்டவன் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நினைவு மலரில் இதை எழுதலாமா என்று வீட்டில் எல்லாரையும் கேட்டேன். வேண்டாம் என்றே சொன்னார்கள். அருவருப்பு அடங்கவில்லை, எழுதுகிறேன்.

அக்கா அரியாங்குப்பத்தில் பிறந்தார்கள். சாரத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். மாமா பல்பொடி செய்து புதுச்சேரியிலும் கடலூரிலும் விற்றார். பொட்டலத்தில் ஏணிப் படம் இருக்கும். அந்த வியாபார மார்க்கைச் சென்னையில் பதிவு செய்ததும் அவரே. பிள்ளையில்லாமல் அவர் காலமான பிறகு, அக்காவே கிராம்பையும் படிகாரத்தையும் இடித்துச் சலித்துத் தொழிலை நடத்தினார்கள். கடலூர் விற்பனையை மாமாவின் தம்பி பார்த்துக்கொண்டார்.

பிரெஞ்சு ஆட்சியின் கடைசி வருஷங்களில் எல்லையில் சுங்கச் சாவடிகள் வந்தன. வரி கட்டிக் கடலூருக்கு அனுப்பினால் பல்பொடி விலைபோகாது. அப்போது மாமாவின் தம்பி எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அக்கா போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, "இப்ப அனுப்பாதீங்க அண்ணி. காலம் மாறட்டும், நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றார். நானும் என் மனைவியும் கூடவே இருந்தோம். அக்கா நம்பினார்கள். ஊருக்குள் மட்டும் விற்றார்கள்.

காலம் மாறியது. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது, சாவடிகள் போயின. அவர் வரவில்லை, நோட்டீஸ் வந்தது. ஏணி மார்க்கை ஐந்து வருஷமாக இந்தியாவில் உபயோகிக்கவில்லை, ஆகையால் பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்று அவரே மனுப் போட்டிருந்தார். நீக்கியதும் தன் பெயரில் எழுதிக்கொள்ளத் திட்டம். அதே படத்தோடு பொட்டலம்கூட அச்சடித்து வைத்திருந்தார்.

சென்னை விசாரணையில் அவருடைய வக்கீல், புதுச்சேரி அப்போது பிரெஞ்சு பூமி, அங்கே விற்றது இந்தியாவில் விற்றது ஆகாது என்று வாதித்தார். அக்கா சொன்னது இவ்வளவுதான்: "நான் எங்கயும் போவலைங்க. சாவடிதான் குறுக்க வந்து நின்னுச்சு."

சரக்கு அனுப்ப வேண்டாமென்று சொன்னதுண்டா என்று அவரைக் கேட்டபோது, அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்று சத்தியம் செய்தார். என் முறை வந்ததும் உதறலோடு நடந்ததைச் சொன்னேன். சாவடியால் விற்க முடியாமற்போனது அக்காவின் குற்றமல்ல என்று மார்க்கைப் பதிவிலேயே விட்டார்கள்.

அந்த வாரமே அவர் பழத்தோடு வந்து நின்றார். "எப்படியோ அண்ணி, நம்ம மார்க்கு நம்மகிட்டயே நின்னுடுச்சு. கடலூருக்கு எப்ப அனுப்புறீங்க?"

அக்கா இலை போட்டார்கள். "சாப்ட்டுப் போங்க தம்பி. சரக்கு கெடையாது."

அவரும் கூச்சமில்லாமல் ரசம்வரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எச்சில் இலையை நான்தான் எடுத்தேன்.

அக்காவுக்குக் கடைசி மாதங்களில் மூச்சிரைப்பு. படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு, "மார்க்க உட்றாதடா. உன் பொண்டாட்டி பேர்ல மாத்து. உன் பேர்ல இருந்தா, அவன் மொறச்சா நீ பயந்து கையெழுத்து போட்டுருவ" என்றார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியும். மாற்றுவதற்குள் போய்விட்டார்கள்.

கருமாதிப் பந்தலில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படையல் சூடு ஆறவில்லை. என் காதோடு, "மார்க்கு பேர் மாத்திட்டியா, இன்னும் அண்ணி பேர்லயே கெடக்குதா?" என்றார். இன்னும் இல்லை என்று உளறிவிட்டேன். சிரித்தார்.

அன்று பந்தி நேரத்தில் நான் காணாமற்போனது பலருக்கு மனவருத்தம். காரணம் அந்தச் சிரிப்புதான். அப்போதே ரயிலேறி, மறுநாள் சென்னையில், அக்கா எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தோடு மனுக் கொடுத்தேன். மார்க் இப்போது என் மனைவி பெயரில் இருக்கிறது.

எனக்குப் பதிலாகப் பந்தி விசாரித்த தவளக்குப்பம் சித்தப்பாவுக்கும், அக்காவை இரவு பகல் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இந்த மலரில் ஒரு பிரதியைக் கடலூருக்கும் அனுப்பியிருக்கிறோம். இனி அவர் யார் காதோடும் கேட்க வேண்டியதில்லை.